நைட் ஷிப்ட் வாரத்தில் பெண் பார்த்தார்கள்

நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் இங்கிலீஷ் மிஸ் ஒருநாள் பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, 'ஷிப்ட்' என்றால் என்ன என்று கேட்டார். வகுப்பில் பாதிப் பேர் கையைத் தூக்கினார்கள். செகந்தராபாத்தை ஒட்டிய எங்கள் மல்காஜ்கிரியில் அந்தச் சொல் தெரியாத பிள்ளை இருக்க முடியாது. மிஸ் என்னைத்தான் எழுப்பினார். நான் கொஞ்சமும் சந்தேகமில்லாமல், "அப்பா தூங்குவது, மிஸ்" என்றேன். வகுப்பு சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. அவருடைய வீட்டுக்காரரும் என் அப்பா வேலை பார்த்த அதே தொழிற்சாலையில்தான் இருந்தார். "அதுவும்தான்" என்று சொல்லி என்னை உட்காரச் சொன்னார்.

அகராதியில் என்ன போட்டிருந்தாலும் சரி, எங்கள் வீட்டில் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு குடும்பமே நடந்தது. அப்பா நாச்சாரம் பக்கம் ஒரு அரசாங்கத் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டினார். காலை ஷிப்ட் வாரத்தில் நாங்கள் எழுந்திருப்பதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். மதிய ஷிப்ட் வாரத்தில் அவரைப் பார்க்கவே முடியாது. சட்டையும் டிபன் டப்பாவும் இருப்பதை வைத்து அவர் இருக்கிறார் என்று தெரிந்துகொள்வோம். நைட் ஷிப்ட் வாரத்தில் பகல் முழுக்க வீட்டில் இருப்பார், ஆனால் இருக்கமாட்டார். புது வருஷக் காலண்டர் வந்ததும் அம்மா முதலில் பார்ப்பது பொங்கல் என்ன கிழமை என்று. இரண்டாவது, அது அப்பாவுக்கு எந்த ஷிப்டில் வருகிறது என்று. தீபாவளி நைட் ஷிப்டில் வந்துவிட்டால் எங்களுக்குக் கம்பி மத்தாப்புதான். வெடி கிடையாது.

சொல் அதோடு நிற்கவில்லை. அத்தை ஆட்டுரலில் மாவு ஆட்டிக்கொண்டே, "மதினி, என் ஷிப்ட் முடிஞ்சிட்டு, வேற ஆள் அனுப்புங்க" என்பாள். தெருக்குழாயில் சண்டை வந்தால், இது எங்கள் ஷிப்ட் என்று குடத்தை நகர்த்தாமல் நிற்பாள். காலையில் பக்கத்து வீட்டிலும் சாயங்காலம் எங்கள் வீட்டிலும் பால் குடித்த ஒரு பூனைக்கு செகண்ட் ஷிப்ட் பூனை என்று பெயர் வைத்தவளும் அவள்தான். அது பக்கத்து வீட்டிலும் அதே பெயரில் இருந்ததா என்பது எனக்குத் தெரியாது.

நைட் ஷிப்ட் வாரத்துக்கு எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டு ஆண்பிள்ளை பகலில் தூங்குகிறாரோ அந்த வீட்டு கேட்டில் ஒரு துண்டைத் தொங்கவிட்டுவிடுவார்கள். யார் ஆரம்பித்து வைத்தது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. தமிழர் வீடு, தெலுங்கர் வீடு, முஸ்லிம் வீடு, எல்லாவற்றுக்கும் அதுதான் சட்டம். துண்டைப் பார்த்துவிட்டால் காய்கறி வண்டிக்காரர் வாயைத் திறக்காமல் போவார். ஸ்கூட்டர் வைத்திருந்த ஒரே ஒருவர் இஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போவார். பிள்ளைகள் கோலியை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட வேண்டும். அடுத்த தெருவில் வேறு துண்டு தொங்கினால் அதற்கும் அடுத்த தெரு. அந்த வகையில் எனக்கு மல்காஜ்கிரி முழுவதும் அத்துப்படி.

அம்மா இந்த விஷயத்தில் பயங்கரக் கண்டிப்பு. அப்பாவுடன் வேலை பார்த்த ஒருவர் பகலில் சரியாகத் தூங்காமல் போய், மெஷினில் கையை விட்டுவிட்டார். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்ததை அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு வீட்டில் கரண்டி கீழே விழுந்தால்கூட அவளுக்கு நெஞ்சு பதறும். அப்பாவைத் தூக்கத்தில் யாரும் எழுப்பக் கூடாது. வீடு பற்றி எரிந்தால் என்ன செய்வது என்று நான் ஒருமுறை கேட்டேன். "மெல்ல அணைக்கணும்" என்றாள்.

அத்தை அப்பாவின் தங்கை. அவர்களுடைய அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அப்பாதான் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அப்போது அவளுக்கு என் வயதுதான் இருக்குமாம். அத்தைக்குக் கடவுள் எல்லாவற்றையும் அளந்து கொடுத்துவிட்டுக் குரலை மட்டும் அள்ளிக் கொடுத்திருந்தார். மைதானத்தில் விளையாடிக்கொண்டிருக்கும் என்னை வாசலில் நின்றபடியே கூப்பிட்டுவிடுவாள். நடுவில் ரயில் போனாலும் கேட்கும். கிளம்பிப் போய்க்கொண்டிருந்த பஸ்ஸை ஒரே கூப்பாட்டில் அவள் நிறுத்தியதை நானே பார்த்தேன். யாரோ சக்கரத்தில் விழுந்துவிட்டார்கள் என்று டிரைவர் இறங்கி ஓடி வந்தார்.

இந்தக் குரலைக் கேட்டுவிட்டுத்தான் இரண்டு மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் எழுந்து போயிருந்தார்கள். ஒருவர், பெண் குரல் கொஞ்சம் கனமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். இன்னொருவர், நாங்கள் அடக்கமான இடமாகப் பார்க்கிறோம் என்றார். முதல் தடவை அத்தை சிரித்தாள். இரண்டாவது தடவை சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அம்மா அவளுக்கு மெதுவாகப் பேசப் பழக்கினாள். தொண்டையிலிருந்து பேசாதே, உதட்டிலிருந்து பேசு என்பாள். அத்தை உதட்டிலிருந்து இரண்டு வாக்கியம் பேசுவாள். மூன்றாவது வாக்கியத்தில் தெருமுனையில் நாய் குரைக்கும். இனியும் ஒன்று தட்டிப்போனால் இந்தப் பிள்ளைக்கு ஊரில் பெயர் கெட்டுவிடும் என்று அம்மா அப்பாவிடம் அழுதாள்.

மூன்றாவது இடம் மாரெட்பள்ளியிலிருந்து வந்தது. அவர்களும் எங்கள் பக்கத்து ஆட்கள்தான், ஆனால் வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்தராபாத்துக்கு வந்துவிட்டவர்கள். மாப்பிள்ளை சரக்கு ரயிலில் கார்டு. அவருடைய அப்பா நீராவி இஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் கழிந்து ஆறு மணிக்கு மேல் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அது அப்பாவுக்கு நைட் ஷிப்ட் வாரம். இருந்தாலும் அம்மாவுக்குக் கவலையில்லை. காலையில் வந்து படுப்பவர் ஐந்து மணிக்குத் தானாக எழுந்துவிடுவார், குளித்துவிட்டு வந்து உட்கார நேரம் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தாள். அன்று பார்த்து அப்பாவை மாற்றிவிட வேண்டிய ஆள் வரவில்லை. காலை ஷிப்டிலும் பாதியைப் பார்த்துக் கொடுத்துவிட்டு, மதியம்தான் வீட்டுக்கு வந்தார். சோற்றைப் பிசைந்தபடியே தூங்கினார். அம்மா அவரைப் பின்னறையில் படுக்க வைத்து, கதவைச் சாத்தி, கேட்டில் துண்டைத் தொங்கவிட்டாள்.

அவர் படுத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். தெருவில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. மாப்பிள்ளைக்குச் சாயங்காலமே வண்டியில் போக வேண்டும் என்று ஆள் வந்து சொல்லிவிட்டாராம். போனால் எப்போது திரும்புவார் என்று ரயிலுக்கே தெரியாது. அதனால் பார்க்கிற பெண்ணை இப்போதே பார்த்துவிடலாம் என்று மூன்று பேரும் கிளம்பி வந்துவிட்டார்கள். அத்தை அப்போது அப்பாவின் பழைய சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு, கொல்லையில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். அம்மா ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினாள். அது நல்ல யோசனைதான். சேதியைக் கேட்டதும் அத்தை என்ன சத்தம் போட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வரும்போதே கேட்டில் தொங்கிய துண்டை எடுத்து, மடித்து, கையில் கொண்டுவந்தார். "நல்ல துண்டும்மா. கைக்கு இப்படித் தெருவுல போடுறீங்க? யாராச்சும் எடுத்துட்டுப் போயிடுவாங்க" என்று அம்மாவிடம் கொடுத்தார். 'கைக்கு' என்றால் ஹைதராபாத் உருதுவில் 'ஏன்'. அம்மா இருந்த பதற்றத்தில் அதை வாங்கி நாற்காலி முதுகில் போட்டுவிட்டு மறந்தே போனாள். அவளுக்கு அப்போது ஒரே கவலை. பின்னறைப் பக்கம் கையைக் காட்டி, மூச்சுக்காற்றில் இரண்டே சொல் சொன்னாள்: "நைட் ஷிப்ட்."

வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூன்று பேரும் அந்தக் கணமே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கால் விரலால் நடந்து வந்து உட்கார்ந்தார்கள். வீட்டுத் தலைவர் எழுந்து வந்து வரவேற்கவில்லை என்ற முகக்கோணல் யாருக்கும் இல்லை. தூக்கத்தை உழைத்துச் சம்பாதிக்கிற வீட்டிலிருந்து வந்தவர்கள் அவர்களும். அப்படித்தான் எங்கள் வீட்டில் பெண் பார்க்கும் படலம் முழுக்க முழுக்கக் குசுகுசுப்பில் ஆரம்பித்தது.

அம்மா நாற்காலியை இழுக்காமல் தூக்கிப் போட்டாள். அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு கேசரி கிண்டினாள். முந்தின நாளே சுட்ட முறுக்கைத் தட்டில் வைத்தபோதுதான் சங்கடம் தெரிந்தது. அம்மா சுட்ட முறுக்கைக் கடித்தால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். மாப்பிள்ளையின் அம்மா ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை காப்பியில் தோய்த்துத் தின்றார். அவருடைய அப்பா முழு முறுக்கையும் வாயில் போட்டு, ஊறட்டும் என்று கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவர் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பாவாடைக்கு மேலேயே என் தொடையில் கிள்ளினாள். சத்தம் போடாமல் வலிக்க வேண்டியிருந்தது.

அத்தை தலையை வாரிக்கொண்டு, அம்மாவின் பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா அவளைப் பக்கத்தில் உட்கார்த்தி, என்ன படித்திருக்கிறாய், தையல் வருமா, ஊரில் யார் இருக்கிறார்கள் என்று காதோடு காதாகக் கேட்டார். அத்தையும் காதோடு காதாகப் பதில் சொன்னாள். மாப்பிள்ளையும் குனிந்து ஏதோ கேட்டார். அத்தை தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னாள். அவர் என்ன கேட்டார் என்பதை அத்தை இன்றுவரைக்கும் எங்களிடம் சொன்னதில்லை. மாப்பிள்ளையின் அப்பா மட்டும் எல்லாருக்கும் பொதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏன்மா, எத்தனை மெதுவான பொண்ணு! பேசுனா பட்டு மாதிரி இருக்கு. எங்க வீட்டுல இவரு ஒருத்தர் போடுற சத்தம் போதும். அமைதியா ஒரு பொண்ணு வந்தாப் போதும்னுதான் நான் அம்மன்கிட்ட வேண்டிக்கிட்டது" என்றார். எல்லாம் குசுகுசுப்பில்தான். அம்மாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. நைட் ஷிப்ட் என்ற ஒன்றைக் கண்டுபிடித்தவன் நன்றாக இருக்கட்டும் என்று அவள் அந்த நிமிஷத்தில் வாழ்த்தியிருப்பாள். நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை சிரிக்கவில்லை. காப்பித் தம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தவள், அடுக்கியதையே திரும்பவும் எடுத்து அடுக்கினாள். இது அத்தையின் குரலே இல்லை என்ற உண்மை என் வாய்வரைக்கும் வந்துவிட்டது. வாயைத் திறந்தால் அம்மா கொன்றுவிடுவாள் என்று நாக்கைப் பல்லுக்கு நடுவில் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் தெருவில் அந்தச் சத்தம் கேட்டது. "கலா...ய்! பித்தள் பர்த்தன் கலா...ய்!" பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிற பாய் துருத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். மற்ற நாளாயிருந்தால் துண்டைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போயிருப்பார். கேட்டில் துண்டு இல்லை. எங்கள் வாசலுக்கு நேரே நின்று இன்னொரு முறை தொண்டையைத் திறந்தார்.

நைட் ஷிப்ட் வாரத்தில் தெருவுக்குக் காவல் அத்தைதான். எப்போதும் தெருமுனைக்கே போய் ஆட்களை மறித்து, கையைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். இப்போது அதற்கு நேரமில்லை. உள்ளே அண்ணன் தூங்குகிறார், வெளியே ஒருவன் கத்துகிறான் என்பது மட்டும்தான் அவள் மண்டையில் ஏறியிருக்க வேண்டும். பட்டுப்புடவை, மாப்பிள்ளை வீட்டார், அம்மாவின் பயிற்சி எதுவும் ஞாபகம் இல்லை. தட்டை என் மடியில் போட்டுவிட்டு வாசல் கதவைத் திறந்தாள். இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ஏ பாய்! சில்லாவ் நக்கோ! நைட் ஷிப்ட் ஹை இதர்! ஆகே ஜாவ்!"

இங்கே கத்தாதே, ஆள் தூங்குகிறது, முன்னாலே போ என்பதுதான் அதன் பொருள். கலாய்க்காரர் துருத்தியைக் கீழே போட்டுவிட்டார். எதிர் வீட்டுக் கூரையிலிருந்து புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. பக்கத்து வீட்டுக் குழந்தை அழ ஆரம்பித்தது. பின்னறைக் கதவு படாரென்று திறந்து, அப்பா லுங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு, "என்ன, பெல்ட் அறுந்துட்டா? மெஷினை நிப்பாட்டுல!" என்று ஓடி வந்து கூடத்தின் நடுவில் நின்றார். மூன்று விருந்தாளிகளைப் பார்த்தார். கும்பிட வேண்டும், லுங்கியையும் விடக் கூடாது. ஒரு கையால் கும்பிட்டார்.

மாப்பிள்ளையின் அம்மாவுடைய மடியிலிருந்து முறுக்கு கீழே விழுந்தது. என் அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவது இடமும் போய்விட்டது என்று அவள் நெற்றியில் எழுதியிருந்தது.

அத்தை வாசலிலிருந்து திரும்பினாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு எதிரில் வந்து நின்று, தன் சொந்தக் குரலில், உதட்டிலிருந்து இல்லாமல் தொண்டையிலிருந்தே பேசினாள்.

"மன்னிச்சுக்கிடுங்கம்மா. இதுதான் என் சத்தம். அண்ணன் உறங்குதாவன்னுதான் இவ்வளவு நேரமும் மெல்லப் பேசினேன். பட்டு மாதிரின்னு நீங்க நெனச்சுக் கூட்டிட்டுப் போயி, நாளைக்கு ஏமாத்திட்டாவன்னு எங்க மதினியச் சொல்லிரக் கூடாதுல்லா? வேண்டாம்னா இப்பமே சொல்லிருங்க."

"ஹவ்!" என்று அந்த ஊர் 'ஆமாம்' ஒன்று பெரிய குரலில் கேட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். மாப்பிள்ளையின் அப்பா முறுக்கை விழுங்கிவிட்டு நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். "இந்தப் பொண்ணு சொன்னது எனக்கு முழுசாக் கேட்டுச்சு! வந்ததுலேர்ந்து நீங்க எல்லாம் என்னா பேசுனீங்களோ, ஒண்ணும் விழலே. நான் சும்மா தலைய ஆட்டிட்டு இருந்தேன்!"

இஞ்சின் அவர் காதுகளைத் தின்றுவிட்டிருந்தது. எல்லாரும் அவரிடம் கத்திப் பேசிக் களைத்து, கடைசியில் பேசுவதையே குறைத்துவிட்டார்களாம். அவர் அத்தையைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னார். உன் பெயர் என்ன, எந்த ஊர், மீன் குழம்பு வைப்பாயா என்று கேட்டார். அத்தை ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். இரண்டு பேரும் பேசியது ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். மீன் குழம்பில் மாங்காய் போடுவதா புளி விடுவதா என்று அவர்களுக்குள் ஒரு வாக்குவாதம்கூட வந்தது. அத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அவர் கையைத் தட்டிச் சிரித்தார். கலாய்க்காரர் இன்னும் கேட்டுக்கு வெளியே நின்று, துண்டு தொங்கவில்லையே என்று வெறும் கேட்டைக் காட்டி மாப்பிள்ளையிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா கணவரையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, "ஒரு இஞ்சினே போதும்னு இருந்தேன், ரெண்டாவது இஞ்சின் மாட்டுறாங்க" என்று என் அம்மாவிடம் சொன்னார். அது கோபமா வேடிக்கையா என்று அம்மாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. கிளம்பும்போது அவர் சொன்னது இவ்வளவுதான்: "சொல்லி அனுப்புறோம்." முன்பு இரண்டு இடத்தாரும் அதையேதான் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வழியனுப்ப நாங்கள் எல்லாரும் கேட்டுக்கு வந்தோம். அப்பா லுங்கியைச் சரியாகக் கட்டிக்கொண்டு, சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் ஆட்டோவில் ஏறினார்கள். மாப்பிள்ளை ஏறப் போனவர், ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பி உள்ளே போனார். நாற்காலி முதுகில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு வந்து, இரண்டு முனையும் சமமாக வருகிற மாதிரி எங்கள் கேட்டில் தொங்கவிட்டார். ஆட்டோக்காரர் இஞ்சினைக் கிளப்பக் கையை வைத்தார். மாப்பிள்ளை அவர் தோளைத் தட்டி வேண்டாம் என்றார். தான் ஏறாமல், பெற்றோர் இருவரையும் உட்கார வைத்தபடியே ஆட்டோவைத் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்.

"நான் முழிச்சுத்தான நிக்கேன்? யாருக்காகத் தள்ளுதாரு?" என்று அப்பா கேட்டார்.

அம்மா ஆட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. அத்தை ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டையில் வேர்வை படர, புது வேட்டி காலைத் தடுக்க, அவர் குனிந்து தள்ளிக்கொண்டு போனதைத் தெருவே பார்த்தது. அன்று ராகுகாலம் வருவதற்குள், அதே ஆட்டோக்காரர் திரும்பி வந்து, மாரெட்பள்ளி அம்மா தட்டு மாற்ற நாள் பார்க்கச் சொன்னார் என்று கேட்டில் நின்று ரகசியக் குரலில் சொல்லிவிட்டுப் போனார். அவரும் துண்டைப் பார்த்திருந்தார்.

வீடு தலைகீழாகிவிட்டது. அம்மா சாமி விளக்கை ஏற்றினாள். மிச்சமிருந்த கேசரி முழுவதையும் எனக்கே கொடுத்துவிட்டாள். அத்தை கொல்லைச் சுவருக்கு மேலே தலையை நீட்டி, பக்கத்து வீட்டுத் தெலுங்கு ஆன்ட்டியிடம் நடந்ததையெல்லாம் தெலுங்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். கலாய்க்காரர் துருத்தியைப் போட்ட இடத்தை நடித்துக் காட்டினாள் போலிருக்கிறது. ஆன்ட்டி "அய்யோ பாபோய்" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அத்தையும் சிரித்தாள். அவள் சிரிப்பு பேச்சைவிடப் பெரியது.

அப்பாவுக்கு அன்றும் நைட் ஷிப்ட் உண்டு. அம்மா அவரை விரட்டி மறுபடியும் படுக்க அனுப்பியிருந்தாள். நான் கேசரிக் கிண்ணத்தோடு பின்னறைக்குள் எட்டிப் பார்த்தேன். அப்பா மல்லாந்து படுத்திருந்தார், கண்ணை மூடவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொல்லையிலிருந்து அத்தையின் சிரிப்பு ஜன்னல் வழியே கொட்டியது. அம்மா இதைக் கேட்டால் என்ன ஆகும் என்று எனக்குப் பதறியது. அத்தையை அடக்கிவிட்டு வரலாம் என்று திரும்பினேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரு. சொல்லாத. அவ பேசட்டும்" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. குருவி கத்தினால்கூடப் புரண்டு படுக்கிற அப்பா சத்தத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்றால் அவருக்குத் தூக்கம் போதுமாகிவிட்டது என்று நினைத்தேன். கிண்ணத்திலிருந்து ஒரு வாய் கேசரியை அவருக்கு ஊட்டினேன். வாங்கிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. பாவம், ராத்திரியெல்லாம் கண் விழித்தவர் என்று என் பாவாடையால் துடைத்துவிட்டேன். கல்யாணத்துக்கு எனக்கு என்ன கலரில் பாவாடை எடுப்பீர்கள் என்று கேட்டேன். உனக்குப் பிடித்த கலர் என்றார்.

பெண் பார்த்துவிட்டுப் போனால் கல்யாணம் வரும், கல்யாணம் வந்தால் புதுப் பாவாடை வரும் என்பது வரைக்கும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு அத்தை எங்கள் வீட்டில் இருக்கமாட்டாள் என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. அப்பாவுக்கு அது தெரிந்துவிட்டது. அதனால்தான் அவர் தூங்காமல் அவள் குரலைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கிண்ணத்தை வழித்துத் தின்றுகொண்டிருந்தேன்.